ஷினோ கிண்ணம்: வெள்ளை வந்தது சூளை ஆறும்போதுதான்

போன வாரம் சூளை திறந்தோம். என் தேநீர்க் கிண்ணம் ஒருவழியாக ஷினோ என்று சொல்லும்படி வந்துவிட்டது. வெள்ளை வெள்ளையாகவே நிற்கிறது, கண்ணாடிப் பளபளப்பு இல்லை, விளிம்பில் கிளேஸ் (சுட்டால் உருகும் மேற்பூச்சு) மெலிந்த இடங்களில் செம்மை ஏறியிருக்கிறது, அடியில் தீட்டிய புல் கோடுகள் வெள்ளைக்குள்ளிருந்து பழுப்பாகத் தெரிகின்றன. இதற்கு முன்னால் சுட்டதில் ஒன்று வெறும் கண்ணாடியாக மினுங்கியது, இன்னொன்றில் கிளேஸ் சுருண்டு கழன்று மண் தெரிந்தது. மண் அதே மண், கல் அதே கல், கலவையில் சின்ன மாற்றம்தான். பெரிதாக மாறியது சூளைக்குக் கொடுத்த நேரம், அதிலும் எரித்த நேரத்தைவிட ஆறவிட்ட நேரம். அதை விவரமாக எழுதிவைக்கத்தான் இந்தப் பதிவு. ஃபெல்ட்ஸ்பார் என்ற கல்லின் தூளில் கிளேஸ் முயல்கிற வேறு யாருக்காவது கேஸ் காசு கொஞ்சம் மிச்சமாகலாம்.

ஷினோ பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில், மொமொயாமா காலத்தில், ஜப்பானின் மினோ என்ற பகுதியில் செய்யப்பட்ட வெள்ளைப் பாண்டங்கள் இவை. மினோ என்பது இன்றைய கிஃபு மாநிலத்தின் தெற்குப் பக்கம்: தஜிமி, தோகி, கானி ஊர்கள். சூளைகள் இன்றும் அங்கே ஏராளம். கொரகொரப்பான வெளிர் மண்ணில் கிண்ணம் செய்து, இரும்புச் சத்துள்ள கல்லைக் கரைத்துத் தூரிகையால் நாலு கோடு தீட்டி, அதன்மேல் கிட்டத்தட்ட வெறும் ஃபெல்ட்ஸ்பாரை மட்டும் தடிமனாகப் பூசிச் சுடுவது. கேட்க இவ்வளவுதான். ஜப்பானில் செய்த தேநீர்க் கிண்ணங்களில் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி பெற்றவை இரண்டே இரண்டு. ஒன்று ஹொன்அமி கோஎட்சு செய்த வெள்ளை ராக்கு கிண்ணம் ‘ஃபுஜிசான்’. மற்றது ‘உனோஹனகாகி’ என்ற ஷினோ கிண்ணம், தோக்கியோவின் மிட்சுயி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய ஒன்பதரை சென்டிமீட்டர், வாய் அகலம் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. வட்டமாகக்கூட இல்லை, நெளிந்து கோணியிருக்கும். யார் செய்தார்கள் என்று பெயர் இல்லை. என் கிண்ணத்துக்கு அளவு எடுத்தது அதை வைத்துத்தான்.

நான் நாகோயாவில் வேலை பார்க்கிறேன். தஜிமி அங்கிருந்து சூவோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே ஒரு சின்னப் பட்டறையில் வார இறுதிகளில் மண் பிசைகிறேன். நடத்துகிறவர் அறுபதைத் தாண்டிய ஒரு சென்செய், அதாவது ஆசான். நாற்பது வருஷமாகச் சுடுகிறார், ஒவ்வொரு சூளைக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார், கேள்வி கேட்டால் பதில் சொல்வதைவிட அந்த நோட்டைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார். இந்தப் பதிவில் நான் சொல்லும் பாதி விஷயம் அந்த நோட்டுகளில் இருந்தது.

சரி, மண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஷினோவுக்கு மொகுசா மண் என்று ஒன்று உண்டு. இந்தப் பகுதியில் தோண்டுவது. வெளிர் மஞ்சளும் வெள்ளையும் கலந்த நிறம், மணல் கலந்தது, கையில் எடுத்தால் உதிரும் போலிருக்கும், இழுத்தால் நீளாது. 20 கிலோ கட்டி 5,200 யென்னுக்கு வாங்கினேன். பாதி விலைக்கு வழவழப்பான வெள்ளை மண் கிடைக்கிறது, அதில் ஒரு கிண்ணம் செய்தும் பார்த்தேன். வனைய நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சுட்ட பிறகு கல் மாதிரி இறுகிக் கனத்துவிட்டது, சூடான தேநீர் ஊற்றினால் கையில் பிடிக்க முடியவில்லை. மொகுசா சுட்ட பிறகும் முழுக்க இறுகுவதில்லை, உள்ளே பொடிப்பொடியாகக் காற்று இடைவெளி இருக்கும். அதனால் பார்க்கத் தடியாக இருந்தாலும் எடுத்தால் லேசு, சூடும் மெதுவாகத்தான் கைக்கு வரும். தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் அணைத்துத்தான் பிடிக்கிறோம், காது கிடையாது, ஆகவே இதில் சமரசம் வேண்டாம்.

எந்த மண் வாங்கினாலும் முதலில் ஒரு பட்டை செய்து 100 மில்லிமீட்டர் கோடு கிழித்துச் சுட்டுப் பாருங்கள். என் கட்டியில் அந்தக் கோடு 91 ஆகச் சுருங்கியது. அதன்படி பச்சை மண்ணில் வாய் 132, உயரம் 104 மில்லிமீட்டர் வைத்தால் சுட்ட பிறகு 120க்கு 95 வரும். வந்தது.

பழைய ஷினோவைச் சக்கரத்தில் வனைந்துவிட்டுத்தான் அமுக்கிக் கோணலாக்கினார்கள். எனக்கு மின்சக்கரத்தில் மொகுசா ஒத்துவரவில்லை, சுவரை மேலே இழுக்கும்போதே கிழிகிறது. கையால் சுற்றும் சின்னச் சக்கரத்துக்கு மாறினேன். 750 கிராம் மண். அடியை உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கிவிட்டு, சுண்டுவிரல் தடிமனில் திரி உருட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, உள்ளும் புறமும் விரலால் இழைத்து ஒட்டினேன். அடியைத் தட்டி இறுக்காமல் விட்டால் காய்ந்த பிறகு அங்கே ஒரு வளைந்த விரிசல் நிச்சயம். பட்டறையில் எல்லோரும் அதைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார்கள்.

அளவுக்குத் தொம்போ என்று ஒரு மூங்கில் கருவி. ஒரு குச்சியில் குறுக்காக இன்னொரு குச்சி செருகியிருக்கும். குறுக்குக் குச்சி வாய் அகலம், கீழே நீட்டியிருப்பது உள் ஆழம். கிண்ணத்துக்குள் இறக்கிச் சுற்றினால் இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். மூங்கில் பட்டையைச் சீவி நானே செய்துகொண்டேன், செலவு இல்லை.

விளிம்பை நூல் கட்டிய சின்ன வில்லால் அறுத்தேன். சமமாக அறுக்கக் கூடாது. கொஞ்சம் ஏறி இறங்க வேண்டும், மலைப்பாதை என்று இங்கே அதற்குப் பெயர். அலங்காரத்துக்காக மட்டும் இல்லை, குடிக்கிறவர் உதடு வைக்க ஒரு இடம் தாழ்வாக அமைய வேண்டும், அதற்கு எதிர்ப்பக்கம் கிண்ணத்தின் ‘முகம்’ வரும். அறுத்த விளிம்பை நனைத்த மான்தோல் துண்டால் ஒரு சுற்று அணைத்துவிட்டால் கூர் போய்விடும். உள்ளே, அடிப்பகுதி 6 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அகலமாக வைத்தேன். மாச்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளை சாசென் என்ற மூங்கில் கடைகோலால் அடிக்க வேண்டும், அது முன்னும் பின்னும் போய்வர இடம் வேண்டுமே. அழகாகக் குறுகும் கிண்ணங்களில் சாசெனின் நுனி சுவரில் இடித்து ஒடிவதைப் பார்த்திருக்கிறேன். நடுவில் லேசான ஒரு குழி, கடைசி வாய்த் தேநீர் அங்கே வந்து தேங்கும்.

அடிவளையம் செதுக்குவதில் நேரம்தான் எல்லாம். ஈரம் அதிகமாக இருந்தால் மண் வழித்துக்கொண்டு வரும், காய்ந்துவிட்டால் மணல் பெயர்ந்து குழி விழும். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் நகத்தில் ஒட்டக் கூடாது, அந்தப் பதம். இரும்புக் கத்தியைவிட மூங்கில் கரண்டி எனக்குப் பிடித்தது. மண் லேசாகக் கிழிந்து கிழிந்து வரும், அந்தக் கிழிசல் அப்படியே நிற்கும், அந்த இடத்தில் கிளேஸ் போடுவதில்லை என்பதால் சுட்ட பிறகும் மண்ணாகவே தெரியும். வளையம் 55 மில்லிமீட்டர் அகலம், 5 உயரம். செதுக்கி முடித்ததும் 500 கிராம்.

இதன் பிறகு அட்டைப் பெட்டிக்குள் வைத்து மெல்லக் காயவிட்டு, 750 டிகிரியில் முதல் சூடு. வழக்கமாக மற்றப் பாண்டங்களுக்கு 800க்கு மேலே போவோம். ஷினோவுக்குக் குறைத்தது கிண்ணம் கிளேஸை நிறைய உறிஞ்ச வேண்டும் என்பதற்காக. முதல் சூட்டுக்குப் பிறகு 385 கிராம்.

படம் தீட்ட ஒனிஇதா. இந்தப் பகுதி மண் அடுக்குகளில் கிடைக்கும் இரும்புக் கல் அது. தூளாகவே விற்கிறார்கள், ஒரு கிலோ 1,100 யென், வாழ்நாளுக்கும் போதும். சென்செய் அதைத் தண்ணீரில் கரைப்பதில்லை. கடுமையாகக் கொதிக்கவைத்து ஆறிய தேநீரில் உரலில் போட்டு அரைக்கச் சொன்னார்; தூரிகையில் இழுபடுகிறது, காய்ந்த பிறகு கையில் ஒட்டவும் இல்லை. இதில் தடிமன் பார்க்க ஒரு பரிசோதனை ஓட்டில் ஐந்து விதமாகக் கோடு போட்டு முன்னாலேயே சுட்டுப் பார்த்தது பெரிய உதவி. நீர்க்க இருந்த கோடு வெள்ளைக்குள் மூழ்கிக் காணாமல் போனது. கெட்டியாக இருந்தது கிளேஸைக் கிழித்துக்கொண்டு கருகிக் கொப்பளித்து வெளியே வந்தது. நடுவில் இருந்ததுதான் சரி: கோட்டின் நடு பழுப்பு, ஓரம் செம்மையாகக் கசிந்து மங்கல். கிண்ணத்தில் நாலைந்து புல் கோடுகள் மட்டும் போட்டேன், ஒரே இழுப்பில். ஃபெல்ட்ஸ்பார் எப்படியும் பாதியை மூடிவிடும், நுணுக்கமாக வரைந்து பயனில்லை.

இனி கிளேஸ். இங்கேதான் முதல் சிக்கல்.

பக்கத்தில் மிசுனாமியின் கமடோ பகுதி ஃபெல்ட்ஸ்பார், கிலோ 400 யென் ஆனது. இரண்டு விதமாக வாங்கினேன், மாவாக அரைத்தது ஒன்று, விரலில் நறநறக்கும் கரடான தூள் ஒன்று. ஏழுக்கு மூன்று கலந்தேன். எல்லாமே மாவாக இருந்தால் சுட்ட பிறகு தட்டையாக, குளியலறை ஓடு நிறத்தில் நிற்கிறது. கரட்டுத் தூள் முழுக்க உருகாமல் ஆங்காங்கே நிற்பதால்தான் வெள்ளைக்கு ஆழம் வருகிறது. தூள் கலக்கும்போது முகமூடி கட்டாயம் போடுங்கள், நுரையீரலுக்குக் கெடுதல்.

ஃபெல்ட்ஸ்பாரைத் தண்ணீரில் போட்டால் கால் மணி நேரத்தில் வாளியின் அடியில் கல்லாக உட்கார்ந்துவிடும். அதைத் தடுக்க முதலில் கயோலின் என்ற வெள்ளைக் களிமண் நூற்றுக்குப் பத்து சேர்த்தேன். மிதந்தது என்னவோ உண்மை. ஆனால் பூசிக் காய்ந்ததும் மேற்பரப்பு முழுக்க வெடிப்பு. அந்த வெடிப்போடு சூளைக்குப் போன கிண்ணத்தில்தான் கிளேஸ் சுருண்டு, கட்டைவிரல் அகலத்துக்கு மண் தெரிந்தது. கயோலின் காயும்போது சுருங்குகிறது, தடிமனான பூச்சில் அது தாங்காது. அடுத்த கலவையில் அதை மூன்றாகக் குறைத்துவிட்டு, தோஃபு உறையப் போடும் நிகாரி ஒரு லிட்டருக்குச் சில சொட்டு விட்டேன். வாளி அப்படியே நின்றது, மறுவாரம் வந்து பார்த்தாலும் கையால் கலக்கினால் போதும். நிகாரி சூப்பர்மார்க்கெட்டில் 300 யென்.

அடர்த்தியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 100 மில்லி அளந்து தராசில் வையுங்கள். பட்டறையின் மற்ற கிளேஸ்கள் 150 கிராமுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். முதல் கிண்ணத்துக்கு நானும் 153இல் முக்கினேன், சுட்டதும் உள்ளே இருக்கும் மண்நிறம் அப்படியே தெரிந்தது. ஷினோவுக்கு 170 வேண்டும். கரண்டியில் எடுத்துவிட்டால் இட்லி மாவுப் பதத்தில் மடிந்து விழும்.

உள்பக்கத்துக்கு ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு ஒரு இரவு காயவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போட்டால் சுவர் முழுக்க நனைந்து, இரண்டாவது பூச்சு பிடிப்பில்லாமல் வழுக்கி இறங்கும். மறுநாள் அடிவளையத்தை மூன்று விரலால் பிடித்து, கவிழ்த்து வாளிக்குள் இறக்கி, மூன்று எண்ணி எடுத்தேன். ஊசியால் குத்திப் பார்த்ததில் இரண்டரை மில்லிமீட்டர். விரல் பிடித்த இடங்களில் கிளேஸ் படாது. பழைய கிண்ணங்களிலும் அந்த விரல் தடங்கள் இருக்கின்றன. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் எந்த விரலை எங்கே வைத்தார் என்பது அதில் அப்படியே தெரியும், நம் விரலை அதன்மேல் வைத்தால் பிடி விளங்கும். தஜிமியில் ஒரு பழைய ஓட்டுத் துண்டை அப்படிப் பிடித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். என் பிடியை மாற்றிக்கொண்டது அதற்கு அப்புறம்தான். பெருவிரலை வளையத்தின் ஓரத்திலும் மற்ற இரண்டை எதிர்ப்பக்கம் சற்றுக் கீழேயும் வைத்தால் கிண்ணம் ஆடாமல் நேராக இறங்குகிறது. காய்ந்த பிறகு நூலிழை வெடிப்பு எங்காவது இருந்தால் உலர்ந்த விரலால் தேய்த்து மூடிவிடுங்கள்.

இப்போது சூளை. பட்டறையில் இருப்பது சின்ன கேஸ் சூளை, நாலு பர்னர், மேலே புகைப்போக்கித் தகடு. முதல் ஷினோவை மற்றவர்களின் பாண்டங்களோடு சேர்த்து வழக்கமான அட்டவணையில் சுட்டோம்: 950 டிகிரியில் தகட்டைத் தள்ளிக் காற்றைக் குறைத்து, 14 மணி நேரத்தில் 1250, அதாவது சூட்டை அளக்க உள்ளே வைக்கும் ஸேகர் கூம்பு 8 சாயும் வரை, பிறகு எல்லாவற்றையும் அணைத்து மூடல். இது செங்கல் மெலிந்த சூளை. 1250இலிருந்து 900க்கு இறங்க மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. திறந்தால் கிண்ணம் சாம்பல் நிறக் கண்ணாடி. செம்மை எங்கும் இல்லை. தடிமன் போதாததுதான் காரணம் என்று நினைத்தேன், 170க்குக் கெட்டியாக்கினேன். அதுதான் கயோலின் வெடித்த சூளை. ஆனால் கிளேஸ் கழலாமல் மிச்சமிருந்த இடங்களில் தடிமன் சரியாகவே இருந்தது, அங்கேயும் மினுக்குதான். அப்படியானால் தடிமன் மட்டும் காரணமில்லை.

சென்செய் தன் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். விறகுச் சூளையில் அவர் ஒருமுறை ஷினோ சுட்ட கணக்கு அது. ஏறிய வரைபடத்தை நான் பார்த்துக்கொண்டிருக்க, “நீங்கள் இந்தப் பாதியைத்தான் பார்க்கிறீர்கள், அந்தப் பாதியைப் பாருங்கள்” என்று இறங்கும் கோட்டில் விரலை வைத்தார். ஏறியதைவிட இறங்கியது நீளமாக இருந்தது.

மினோவின் கதையும் இதையேதான் சொல்கிறது. மொமொயாமா ஷினோவைச் சுட்டவை மலைச்சரிவில் பாதி மண்ணுக்குள் புதைந்த ஒற்றை அறைப் பெருஞ்சூளைகள். சூடேற நாள்கணக்கு, சுற்றியுள்ள மண்ணும் சூட்டைப் பிடித்துக்கொள்வதால் ஆறவும் அப்படியே. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியூஷூ தீவின் கராட்சுவிலிருந்து பல அறைகள் கொண்ட ஏறுசூளை வந்தது. தோகியில் மொத்தோயாஷிகி என்ற இடத்தில் அதன் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். அதில் நிறைய அடுக்கலாம், விறகு குறைவு, சீக்கிரம் முடியும். மினோவின் இன்னொரு வகையான ஒரிபே பாண்டங்களுக்கு அது நன்றாக ஒத்துப்போனது. ஆனால் அதில் சுட்ட ஷினோவின் கிளேஸ் மெலிந்து, தெளிந்து, பளபளப்பாகிவிட்டது. கொஞ்ச காலத்தில் அந்தப் பழைய வெள்ளையே நின்றுபோனது. எங்கே செய்தார்கள் என்பதுகூட மறந்து, பாண்டங்களுக்குப் பேர்போன செட்டோ ஊரில் செய்தது என்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1930இல் அரகவா தொயோஸோ என்ற பாண்டக் கலைஞர் நாகோயாவில் ஒரு பழைய ஷினோ கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, அடிவளையத்துக்குள் ஒட்டியிருந்த ஒரு பொட்டுச் சிவப்பு மண் அவருக்கு இடறியது, செட்டோ மண்ணாகத் தெரியவில்லை. சில நாட்களில் கானியில் முதபொரா என்ற இடத்தின் பாழடைந்த சூளையில் அந்தக் கிண்ணத்தில் இருந்த அதே மூங்கில் குருத்துப் படம் தீட்டிய ஓட்டுத் துண்டைத் தோண்டி எடுத்தார். அப்புறம் அங்கேயே ஓகயாவில் 1933இல் பழைய மாதிரிப் புதைசூளை ஒன்றைக் கட்டி, திரும்பத் திரும்பச் சுட்டுச் சுட்டு அந்த வெள்ளையை மீட்டார். மண்ணும் கல்லும் அந்த மலையிலேயே கிடந்தன. ஆனாலும் அவர் சூளையையும் பழைய மாதிரியே கட்டினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எங்கள் சூளையைப் புதைக்க முடியாது. ஆனால் பர்னரைக் கொஞ்சம் எரியவிட்டு இறக்கலாம். பட்டறையில் ஐந்து பேர் ஷினோ போட ஒப்புக்கொண்டோம், வேறு எதையும் வைக்காமல் முழுச் சூளையும் ஷினோ. 950 வரை 9 மணி நேரம். அங்கிருந்து தகட்டைத் தள்ளி, பார்வைத் துளையில் இளஞ்சிவப்புச் சுடர் ஒரு விரல் நீளம் எட்டிப் பார்க்கும் அளவுக்கு வைத்து, 1180 வரை 8 மணி நேரம். அதற்கு மேல் 1230 வரை, வெறும் ஐம்பது டிகிரிக்கு, 10 மணி நேரம். உருகிய ஃபெல்ட்ஸ்பார் கெட்டியானது, எளிதில் ஓடாது. உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ்கள் மேலே வந்து உடைந்து மூடிக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. முறைவைத்து இரவு விழித்தோம்.

இந்த இடத்தில் இரோமி பற்றிச் சொல்ல வேண்டும். கிண்ணத்தில் போட்ட அதே கிளேஸைப் பூசிய சின்ன மண்வளையங்களைப் பார்வைத் துளைக்கு நேராக வரிசையாக வைத்துவிட்டு, நடுநடுவே ஒரு இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றாகக் கொக்கிபோட்டு வெளியே எடுப்போம். வெளியே வரும்போது ஆரஞ்சு நிறத்தில் கண்ணைக் கூசும், சில நொடிகளில் நிறம் இறங்கி, டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டே ஆறும். 1180இல் எடுத்தது வறட்டு வெள்ளை, விரலால் தேய்த்தால் நறநறப்பு. 1210இல் எடுத்ததில் குமிழ் குமிழாக உப்பியிருந்தது. 1230ஐ எட்டிக் கொஞ்ச நேரம் ஆன பிறகு எடுத்ததில் குமிழ்கள் உடைந்து மூடி, ஊசிக்குத்தல் அளவு துளைகள் மட்டும். ஆனால் அந்த வளையம் பளபளவென்று கண்ணாடியாக இருந்தது! செம்மை துளியும் இல்லை. நான் பதறிவிட்டேன், என் முதல் கிண்ணம் அப்படியே திரும்பி வந்துவிட்டது என்று. சென்செய் மட்டும் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நொடியில் ஆறியது, கிண்ணம் ஆறப்போவது நாளைக்கு” என்றார்.

பிறகு மூன்று பர்னரை அணைத்து, ஒன்றை மட்டும் சிறிதாக எரியவிட்டோம். தகட்டைக் கொஞ்சம் திறந்து, சுடர் புகையில்லாமல் சுத்தமாக இருக்கும்படி வைத்தோம். ஆறும்போது காற்று கிடைத்தால்தான் மண்ணிலிருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பு செம்மையாகும். மணிக்கு 25 டிகிரிக்கு மேல் இறங்கவிடாமல் 900 வரை. ஏறக்குறைய 13 மணி நேரம் ஆனது. அங்கே முழுக்க அணைத்து, எல்லாத் துளைகளையும் அடைத்து, 100க்குக் கீழே இறங்கும் வரை கதவைத் தொடவில்லை.

திறந்ததும் நான் செய்த முதல் வேலை அந்தக் கடைசி வளையத்தைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தது. ஒரே வாளி, ஒரே சூளை, ஒரே சூடு. வளையம் மினுங்குகிறது, கிண்ணம் மினுங்கவில்லை. கிண்ணத்தின் வெள்ளை ஒளியை உள்ளே வாங்கிக்கொண்டு மெதுவாகத் திருப்பித் தருகிறது. விளிம்பிலும், விரல் பிடித்த இடங்களின் ஓரத்திலும், படத்தைச் சுற்றியும் செம்மை. ஆறவிட்ட விதத்தைத் தவிர இரண்டுக்கும் வேறு வித்தியாசமே இல்லை. இனி யார் என்னிடம் ஷினோ கலவை கேட்டாலும் முதலில் உங்கள் சூளை எவ்வளவு வேகமாக ஆறும் என்று கேட்பேன்.

இதன் பிறகு சில்லறை வேலைகள். அடிவளையத்தைச் சாணைக்கல்லால் தேய்த்தேன், இல்லாவிட்டால் தத்தாமிப் பாயைக் கீறும். தண்ணீர் ஊற்றிக் காகிதத்தின்மேல் வைத்தால் அடியில் ஈர வளையம் விழுந்தது, மண் முழுக்க இறுகாததால் இது எதிர்பார்த்ததுதான். அரிசி கழுவிய தண்ணீரில் கிண்ணத்தை மூழ்கவைத்து மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, அதிலேயே ஆறவிட்டேன். இப்போது கசியவில்லை. ஒவ்வொரு முறையும் உபயோகிக்கும் முன் வெந்நீரில் ஊறவைத்தால் தேநீர்க் கறை திட்டுத்திட்டாக ஏறாது, கழுவிய பிறகு இரண்டு நாளாவது காயவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் பூசணம். இப்போது எடை 450 கிராம்.

செலவு: சாதாரணச் சூளைக்கு 24 கிலோ புரொபேன் போகும் இடத்தில் இதற்கு 55 கிலோ போனது. எங்களுக்குக் கிலோ 400 யென், ஆக 22,000, ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 4,400. அதில் ஆறவிட மட்டும் எரிந்தது சுமார் 9 கிலோ. மண், கல், ஒனிஇதா எல்லாம் சேர்த்து ஒரு கிண்ணத்துக்கு 300 யென்னைத் தாண்டாது. ஆகவே ஒரு கிண்ணத்துக்காகச் சூளை போடாதீர்கள், நிறைத்துப் போடுங்கள். மின்சூளை வைத்திருப்பவர்களுக்கு ஆறவிடுவது இன்னும் எளிது, இறங்கும் வேகத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே எழுதிவிடலாம். ஆனால் காற்றைக் குறைத்துச் சுடச் சாதாரண மின்சூளையில் வழியில்லை, அதனால் செம்மை எந்த அளவுக்கு வரும் என்பதை ஒரு ஓட்டில் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை வையுங்கள்.

அடுத்த சூளை வசந்தத்தில். மாற்றப்போவது மூன்று. விளிம்பு உதட்டுக்குக் கொஞ்சம் தடியாக இருக்கிறது, கிளேஸ் ஏறும் இரண்டரை மில்லிமீட்டரை நான் கணக்கில் எடுக்கவில்லை, பச்சை மண்ணிலேயே மெலிதாக்க வேண்டும். கரட்டுத் தூளின் பங்கை மூன்றிலிருந்து நான்காக உயர்த்திப் பார்க்கப்போகிறேன். ஒற்றைப் பர்னரை 900இல் அணைக்காமல் 800 வரை கொண்டுபோக சென்செய் சம்மதித்திருக்கிறார், அந்தக் கூடுதல் கேஸுக்கான காசை நான் தருவதாகப் பேச்சு. கூடவே ஒரு சாம்பல் நிற ஷினோ: கிண்ணம் முழுக்க ஒனிஇதாவை முக்கி, காய்ந்ததும் மூங்கிலால் சுரண்டிக் கோடு எடுத்து, மேலே இதே வெள்ளை. அதற்கான பரிசோதனை ஓடுகள் இப்போதே காய்ந்துகொண்டிருக்கின்றன.